அக்காவுக்குக் கொடுத்த குரல்

கருவூலத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிப் பிழைத்தவள் நான். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பணம், எது கேட்டாலும் எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. மீதியைக் கடலை மடித்த காகிதத்திலும், சுவரொட்டியிலும், அடுத்தவர்கள் எழுதிக் கசக்கிப்போட்ட மனுக்களிலும் படித்துக்கொண்டேன். பிழை வரும். ஆனாலும் என் மனுவை எந்த அதிகாரியும் பாதியில் கீழே வைத்ததில்லை. சனங்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வாக்கிலேயே எழுதுவேன், அவ்வளவுதான் சூட்சுமம்.

பக்கத்து டீக்கடையில் அந்த வருஷம் முழுக்க ஒரே பேச்சுதான். வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் வேலைநிறுத்தம் செய்ய, அரசாங்கம் விறைத்துக்கொண்டு நின்ற வருஷம். நெல் தரகர் ஒருவர் தினமும் வந்து முதல் டீயோடு ஆரம்பிப்பார். வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை என்று சும்மாவா சொன்னான், இப்போது வக்கத்தவன் வீட்டில்தான் மாடி எழும்புகிறது என்பார். வெயிலில் நாற்றுப் பறித்தவனுக்குப் பென்ஷன் உண்டா, நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளை அதட்டினவனுக்கு மட்டும் எதற்கு என்பார்.

“ஒரு வாத்தியாரு இல்லேன்னா உங்களுக்கு போர்டு படிச்சு பஸ் ஏறத் தெரியுமாண்ணே?” என்று டீ மாஸ்டர் கேட்பான்.

“நான் கலரைப் பாத்து ஏறுறவன்டா.”

கடை சிரித்து அடங்கும். அப்புறம் என் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் சொல்லுங்கள் அக்கா, வாத்தியாருக்குப் பென்ஷன் தகுமா, தகாதா? நான் மழுப்பிவிடுவேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதே என்பார்கள். நான் எட்டு வயதிலேயே கொடுத்தவள்.

ஆவணியில் ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கணவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். இரண்டு மாதமாகப் பென்ஷன் வரவில்லை. ஓய்வுபெற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்கு நேரில் வர வேண்டும். குமாஸ்தா பெயரைக் கூப்பிடுவார், இவர்கள் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. நேர்காணல் என்று பெயர். வராவிட்டால் பணம் நின்றுவிடும். இந்த ஆசிரியர் வரவில்லை.

“உடம்புக்கு முடியலையாம்மா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வரமாட்டேங்குறாங்க. ஒவ்வொரு வருஷமும் இங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் காய்ச்சல்ல படுப்பாங்க. இந்த வருஷம் பஸ்ல எவனோ, இவனுங்களுக்கு எதுக்குய்யா பென்ஷன்னு பேசியிருக்கான். வீட்டுக்கு வந்து, சரியாத்தான் கேக்குறான்னு சொல்லிட்டுப் படுத்தவங்கதான். எனக்குச் சர்க்கரை. புருஷனை விட்டுட்டு வந்த பொண்ணு ஒண்ணு வீட்டுல இருக்கு. நாங்க என்னத்தைத் திங்கிறது?”

“ஏன் வரமாட்டேங்கிறார்னு கேட்டீங்களா?”

“பேரைக் கூப்பிடுவாங்களாம், பதில் சொல்லணுமாம். அதுதான் காரணம்னா நீ நம்புவியாம்மா?”

பையிலிருந்து பழைய காகிதங்களை எடுத்து நீட்டினார். மனுவுக்காக அவர் வேலை பார்த்த பள்ளிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். முதல் வரியில் என் பேனா நின்றது. எங்கள் தெருப் பள்ளிக்கூடம்.

*

எங்கள் தெரு என்றால் ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், விவசாயக் கூலிகள் குடியிருந்த தெரு. ஒரே கூடம், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. சுவரெல்லாம் புது எழுத்து. இந்த ஆசிரியர் அப்போது இளவட்டம், கறுப்புச் சிவப்புக் கரை போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். அதுவரை பெயரைக் கூப்பிட்டால் “ஆஜர் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் வந்து அதை மாற்றினார். ஆஜர் என்பது கோர்ட்டில் குற்றவாளிக்குச் சொல்லும் வார்த்தை, இனிமேல் “உள்ளேன் ஐயா” என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்.

தெருவில் இது பெரிய பேச்சாகப் போயிற்று. மிராசுதாரை எங்கள் ஆட்கள் ‘ஆண்டே’ என்பார்கள், ‘ஐயா’ என்பார்கள். வாத்தியாரையும் ஐயா என்றால் மிராசு கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு பெரியவர் நிஜமான கவலையோடு கேட்டார். அவரை வேறு எப்படியாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இவர் சொன்னாராம். என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவுக்குப் பதினொரு வயது, ஐந்தாம் வகுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது.

நடவு வந்துவிட்டால் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் வயலில் இருப்பார்கள். ஆனால் வருகைப் பதிவில் எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள். அதற்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. வயலுக்குப் போன பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது, சின்ன வகுப்பில் இருக்கிற தம்பியோ தங்கையோ “உள்ளேன் ஐயா” என்று சொல்லிவிட வேண்டும். ‘குரல் கொடுக்கிறது’ என்போம். கைமாற்று வாங்குகிற மாதிரி, இன்றைக்கு நீ எனக்குக் குரல் கொடு, நாளைக்கு நான் கொடுக்கிறேன். ஐயாவுக்கு இது தெரியாமல் இல்லை. பதிவேட்டில் குனிந்தவர், கடைசிப் பெயர் முடிகிற வரை நிமிரவே மாட்டார். தலைக்கணக்குக் குறைந்தால் இரண்டாவது வாத்தியார் வேலை போகும், அப்புறம் பள்ளிக்கூடத்தையே ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள், எங்கள் பிள்ளைகள் மிராசு வீட்டு வாசல் வழியாக நடந்துபோய்ப் படிக்க வேண்டி வரும். அதனால் அவர் நிமிரவில்லை. அந்தக் குனிவு எங்களுக்காகக் குனிந்தது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

என் குரலுக்கு அக்கா கூலி கொடுப்பாள். ஒரு கை கொட்டிக்கிழங்கு. வயல் சேற்றில் தோண்டி, பாவாடை நுனியில் முடிந்துகொண்டு வருவாள். அவித்தால் கஸ்தூரி மாதிரி மணக்கும் என்பாள். கஸ்தூரியை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் கூலித் தகராறு முற்றிவிட்டது. அரைப்படி நெல் கூடக் கேட்டு எங்கள் ஆட்கள் நடவை நிறுத்தினார்கள். ஏற்கெனவே செய்த வேலைக்கான கூலியையும் தர மாட்டேன் என்று மிராசு பிடித்து வைத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். நம்முடைய வயலில் இன்னொருத்தி நாற்றை ஊன்றுவதா என்று தெருப் பெண்கள் எல்லாரும் போய் வரப்பில் நிற்பதாக முடிவானது. அம்மா போனாள். அக்காவும் கூடப் போனாள். போகும்போது கூடத்து ஜன்னலில் முகத்தை வைத்து என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் இல்லை. அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஐயா பெயர்களைக் கூப்பிட்டார். என் முறை வந்தது, சொன்னேன். ஐந்தாம் வகுப்பு வந்தது. அக்கா பெயரைக் கூப்பிட்டார்.

“உள்ளேன் ஐயா.”

குனிந்தபடியே மையால் குறித்தார்.

அநேகமாக அந்த நேரத்துக்குத்தான் வயலில் போலீஸ் வேன் வந்து நின்றது. மிராசின் ஆட்கள் கம்போடு அதற்கு முன்னால் ஓடி வந்தார்கள். பெண்கள் சிதறி ஓடினார்கள். வாய்க்காலில் புது வெள்ளம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. துரத்திக்கொண்டு வந்தவர்களுக்குப் பயந்து அக்கா குதித்தாள். மத்தியானம் மதகில் கிடைத்தாள். பாவாடை நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. அதை யாரும் அவிழ்க்கவில்லை.

பத்து நாள் கழித்து எங்கள் பள்ளிக்கூடத்திலேயே விசாரணை வைத்தார்கள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துரத்தியதால்தான் குழந்தை விழுந்தது என்று தெருவே சொன்னது. மிராசின் வக்கீல் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அன்றைக்கு அந்தப் பெண் பள்ளியில் இருந்திருக்கிறாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாய்க்காலில் இறங்கி வழுக்கியிருப்பாள், வயலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்றார். ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். அந்தப் பெண் அன்று வந்திருந்தாளா?

அவர் தலை குனிந்திருந்தது. அம்மாவின் முந்தானைக்குள் நின்றபடி நான் அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பதிவேட்டில் உள்ளபடி வந்திருந்தாள்.”

அதோடு முடிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஐயா மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புது வாத்தியார் வந்தார். அவர் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு வாய் திறக்கவில்லை. அந்தச் சொல் தொண்டைக்கு வரும், அங்கேயே நிற்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அவர் வரவில்லை என்று குறித்தார். பிடிவாதம் என்று நினைத்தார், இரண்டு அடி கொடுத்தார். ஒரு மாதம் இப்படியே போனது. வராத அக்கா வந்தவள் ஆனாள், வந்த நான் வராதவள் ஆனேன். கடைசியில் பெயரை நீக்கிவிட்டார்கள்.

பிள்ளை மனசு எப்படியெல்லாம் கணக்குப் போடும் தெரியுமா? நான் பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன்’ என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன், அதனால் அவள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் கூடம் காலியாக இருக்கும்போது அந்தப் பக்கம் போக மாட்டேன். பெரியவளான பிறகும் அப்படித்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று யாராவது பழமொழி சொன்னால் அம்மா எழுந்து போய்விடுவாள். அதைவிடக் கஷ்டம் என் குரல். ஒரு நாள் வெளியிலிருந்து “அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அடுப்படியிலிருந்து எழுந்து அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்தாள். என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“நீ இனிமே கூப்பிடாதடீ. கதவைத் தட்டு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவை நான் தட்டித்தான் நுழைந்தேன்.

*

அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். காகிதங்களை அடுக்கினேன், மறுபடி அடுக்கினேன். மனு எழுத மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். சாபம் கொடுத்த மாதிரியும் இருக்காது, கை சுத்தமாகவும் இருக்கும். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

அந்த நேரத்தில் என் அம்மா முன்பு சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவைப் பறிகொடுத்த ஒரு மாதத்தில், பிடித்து வைத்த பழைய கூலியைக் கேட்டு மிராசு வீட்டு வாசலில் தெரு போய் நின்றது. இத்தனை தகராறு செய்துவிட்டுக் கூலி வேறு கேட்கிறீர்களா என்று அவர் கேட்டார். என் அம்மாதான் பதில் சொன்னாள்.

“ஆளு மேல கோவம்னா ஆளைத் திட்டுங்க. செஞ்ச வேலைக்குக் கூலியில கை வைக்காதீங்க.”

பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொன்ன சொல் அது. முப்பத்து மூன்று வருஷம் ஒருவர் சைக்கிள் மிதித்துப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து வெளியே போன நர்ஸும் கண்டக்டரும் முதல் எழுத்தை அவர் கை பிடித்துத்தான் எழுதினார்கள். அது வேலை. அதற்குக் கூலி உண்டு. மரியாதை வேறு சங்கதி, அது கருவூலத்தில் கொடுக்கிற சரக்கு இல்லை. டீக்கடையில் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறார்கள். மிராசும் அப்படித்தான் நிறுத்தார்.

“மனு நான் எழுதித் தரேம்மா. ஆனா உயிரோட இருக்கேன்னு அவருதான் வந்து சொல்லணும். அவருக்குப் பதிலா வேற ஆளு சொல்ல முடியாது,” என்றேன். “அந்தத் தெருவுல மூணாம் வகுப்புல இருந்த பொண்ணு இங்க எழுதுறா, அஞ்சாம் வகுப்புல அவளுக்கு ஒரு அக்கா இருந்தான்னு மட்டும் சொல்லுங்க. வந்தா வரட்டும்.”

அடுத்த வியாழக்கிழமை வந்தார். மனைவி கையைப் பிடித்திருந்தார். தோளில் துண்டு இருந்தது, வெறும் வெள்ளை. முதுகு வளைந்து, பார்வை தரையிலேயே இருந்தது. எனக்கு அவரைத் திட்டவென்று எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன.

“வாங்கய்யா. உக்காருங்க,” என்றேன்.

என் குரலைக் கேட்டதும் ஆள் அப்படியே நின்றுவிட்டார். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

“நீ பேசினாலும் அவ பேசினாலும் ஒண்ணுதான். ஆனா அவ சொல்லும்போது ‘உள்ளேன்’ல ஒரு இழுவை இருக்கும். அன்னிக்கு அந்த இழுவை இல்ல. எனக்குக் காதுல விழுந்துச்சு. நிமிரல.”

பேனாவை மூடி வைத்தேன்.

“விசாரணையில உன்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டேன்னு ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன். பொய்யிம்மா. பொய் வருகை போட்டேன்னு தெரிஞ்சா வேலை போயிடும். அப்ப எனக்கு மூணு மாசத்துக் கைக்குழந்தை. அந்த வேலைக்குத்தான் இந்தப் பென்ஷன்.” கருவூலத்தின் பக்கம் கையைக் காட்டினார். “உள்ள போனா பேரைக் கூப்பிடுவான். உள்ளேன்னு நான் எந்த வாயால சொல்றது?”

அவர் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் அன்றுதான் தெரியும்.

வேலை செய்ததற்குத்தான் அந்தப் பணம், அந்த ஒரு நாளைக்கு அல்ல என்றேன். அந்த ஒரு நாளுக்கு உரியது உங்களிடம் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கும் பங்கு உண்டு என்றேன். அவர் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படின்னா ஒண்ணு செய்யணும். அவ பேரை ஒரு தடவை கூப்பிடணும். வருகையைச் சரியா எடுக்கணும். அதுக்கப்புறம் உள்ள போறேன்.” பிறகு, கெஞ்சுகிற மாதிரி, “நீ வாயைத் திறக்கக் கூடாதும்மா,” என்றார்.

சரி என்று தலையை அசைத்தேன்.

அவர் முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். கையில் பதிவேடு இல்லை, இருந்தாலும் இடது கையைப் பதிவேடு பிடிக்கிற மாதிரி மடக்கினார். தலை நிமிர்ந்திருந்தது. புங்கமரத்துக்கு அப்பால், சாலையை, ஆட்களை, எல்லாரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். வகுப்பில் கூப்பிடுகிற அதே ராகத்தில், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு.

அந்தச் சொல் என் தொண்டைக்குள் எழும்பி வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றிருந்த சொல், அவளுடைய இழுவையோடு. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டேன். கருவூல வாசலில் ஒருவர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் தரகர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை கூப்பிட்டார். காத்திருந்தார்.

“வரல,” என்றார்.

விரல் நுனியால் உள்ளங்கையில் எதையோ குறித்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார். நான் எழுதிய மனு அவர் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டதும் அவர் பதில் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு பஸ் ஒன்றை ஒன்று முந்தின. வெளியே வந்தபோது விரல் நுனியில் பேனா மை இருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நானும் கும்பிடவில்லை. அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார்.

அவர்கள் போன பிறகு தரகர் வந்து, ஏங்க்கா, அந்தப் பெரியவர் யாரைக் கூப்பிட்டார் என்று கேட்டார். அவரிடம் படித்த பிள்ளை ஒன்றை என்றேன். வரவில்லையா என்றார். இல்லை என்றேன். அவர் அன்றைக்குப் பென்ஷனைப் பற்றிப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், அன்று குரல் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வாசலில் நின்றேன். ‘அம்மா’ என்று வாய் குவிந்தது.

கதவைத் தட்டினேன்.